படிச்சுப் பார்க்க ஒரு ஆள்

தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு மணி நேரம் எழுதிவிடுங்கள், தீசிஸ் தானாக முடிந்துவிடும் என்று எனக்குச் சொல்லாத ஆளே கிடையாது. கோர்ஸ் ஒர்க் வகுப்பில் சொன்னார்கள். கருத்தரங்கத்துக்கு வந்து சால்வை வாங்கிக்கொண்டவர் சொன்னார். யூடியூபில் ஒருவர் மேசையில் செடி வைத்துக்கொண்டு சொல்கிறார். இவர்களில் யாருக்கும் விடிந்ததும் குழாயடியில் நிற்கிற வேலை இல்லை போலிருக்கிறது. மணலியில் என் காலை நேரத்தைக் குடமும் குக்கரும், கட்டிலுக்கடியில் போய்விட்ட பள்ளிக்கூட ஷூவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஷிப்ட். அவர் நைட் முடித்து வந்து படுக்கிற வாரத்தில் லைட் போடவே யோசிக்க வேண்டும். இதில் லேப்டாப்பை எங்கே திறப்பது?

பிரான்செஸ்கோ சிரில்லோ என்று ஓர் இத்தாலிக்காரர். 1980களின் கடைசியில், படிக்கிற காலத்தில், தக்காளி மாதிரி இருந்த சமையலறை டைமர் ஒன்றைத் திருகி வைத்துக்கொண்டு, 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு என்று பழகினாராம். இன்று உலகம் முழுக்க ஆய்வு மாணவர்கள் அந்தத் தக்காளியைத்தான் கும்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்து எம்.எஃப்.எல். சிக்னலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டால் ஒரு தக்காளி அங்கேயே போய்விடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது, நல்ல விஷயம்தான். சென்ட்ரலில் மாறி, ஆவணக் காப்பகம் இருக்கிற எழும்பூருக்குப் போய்விடலாம். மணலியிலிருந்து விம்கோ நகருக்குப் போய்ச் சேருவதுதான் பெரிய பிரயாணம்.

சரி, நேரத்தை விடுங்கள். அதை எப்படியாவது திருடிக்கொள்ளலாம். பிள்ளை வளர்க்கிற எந்தப் பெண்ணுக்கும் அது கைவந்த கலை. எழுதியதைப் படித்துவிட்டு, "இந்த இடம் புரியலை, இதுக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆளை எங்கே போய்த் திருடுவது?

என் ஆய்வு நான் குடியிருக்கிற ஊரைப் பற்றியதுதான். வயலும் ஏரியுமாக இருந்த மணலியில், 1965-இல் மத்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக மெட்ராஸ் ரிஃபைனரீஸைத் தொடங்கின. அடுத்த வருஷம் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். 1969-இல் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. அதற்கு முன் இங்கே ஏர் பிடித்தவர்களும், பின்னால் ஆலைக்குள் வேலைக்குப் போனவர்களும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். பெரியவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்து, ராத்திரி காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சு ஐந்தாறு மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். நல்ல கட்டம் வரும்போது அதன் மேல் ஒரு டிரெய்லர் லாரி ஏறிப் போயிருக்கும்.

ஒரு தாத்தா, "எங்களுக்கு மூணு காணி இருந்துச்சும்மா" என்றார். என் கையில் இருந்த நிலக் கணக்குத் தாளிலோ ஏக்கரும் சென்ட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் புத்தகத்தைத் திறந்தால் மாவும் வேலியும். நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வெளியே டீ குடிக்கும்போது, பொன்னேரிப் பக்கம் கோயில் நிலங்களைப் பற்றி ஆய்வு செய்கிற தம்பி ஒருவர் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அக்கா, நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லாவுல காணின்னா 24 கிரவுண்டு. கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி. போட்டுப் பாருங்க, ஒரு ஏக்கர் 32 சென்ட் வரும்." போட்டுப் பார்த்தேன். மூன்று காணிக்கு நான்கு ஏக்கர், கொஞ்சம் குறைய. தாத்தாவின் பேச்சும் தாளின் கணக்கும் ஒன்றோடொன்று வந்து உட்கார்ந்துவிட்டன. அந்த ஒரு டம்ளர் டீக்குச் சமமாக எந்தக் கமிட்டியும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை.

பவணந்தி முனிவர் எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே நன்னூலில் இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மிச்சம் அரை வரும். எங்களுக்குக் கிடைக்கிற அந்த முதல் கால் பங்கே கைடின் மீட்டிங்குகளுக்கு நடுவில், லிஃப்ட் வாசலில் கிடைப்பது. மற்ற முக்கால் பங்கைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவும் கணக்குப் போட்டிருக்கிறது. 2022 நவம்பரில் வந்த பிஹெச்.டி. விதிமுறைகளை நான் வரி விடாமல் படித்திருக்கிறேன். குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கும் மேலே இரண்டு. கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழுவின் முன்னால் போய் நின்று முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். எல்லாம் நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்து இருக்கைக்காரரின் இயலைப் படித்தாயா, உன் இயலை யாராவது படித்தார்களா என்று கேட்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. காப்பியடித்தலுக்கு மட்டும் 2018-லிருந்தே எல்லை வகுத்து வைத்திருக்கிறார்கள்: ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் என் இரண்டாம் இயலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முழுசாகப் படித்த ஒரே ஜீவன் அந்த மென்பொருள்தான். அதுவும் ஆலைகளின் பெயர்களையெல்லாம் சிவப்பில் அடித்துக் காட்டியது. கம்பெனி பெயரை நான் சொந்த நடையில் எப்படி எழுதுவது?

அதே விதிமுறைகளில் இன்னொன்றும் உண்டு. ஆய்வு மாணவரிடம் வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை டுடோரியல், ஆய்வகம், மதிப்பீடு மாதிரியான வேலைகளை ஒப்படைக்கலாம். துறை இருக்கிற இருப்புக்கு அந்த ஆறு மணி நேரம் செவ்வாய்க்கிழமைக்குள் தீர்ந்துவிடும். அதற்கப்புறம்தான் நாக் மதிப்பீட்டு ஃபைல், ஹால் சூப்பர்விஷன், சிறப்பு விருந்தினருக்குப் பொக்கே, பேனரில் பேராசிரியர் பெயருக்கு முன்னால் ஒரு 'முனைவர்' விட்டுப்போனதால் மறுபடி பிரிண்ட். அந்த வேலைகளில் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் காட்டுகிற ஒற்றுமை இருக்கிறதே, கல்யாண வீட்டில்கூடப் பார்க்க முடியாது. மைக் வேலை செய்யவில்லை என்றால் நாலு பேர் ஓடுவோம். "என் முன்னுரையைக் கொஞ்சம் பார்க்கறீங்களா" என்றால் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

குற்றம் அவர்கள் மேல் மட்டும் இல்லை என்பது தெரியும். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்குகிறவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அதே மேசையில் உட்காருகிறவர் ட்யூஷன் எடுத்து ஃபீஸ் கட்டுகிறார். இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு என்பது நடக்கிற கதையா? அதோடு ஒரு பயம் வேறு. தலைப்பைச் சொன்னால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். மணலியின் பழைய வயல்களைப் பற்றிய தலைப்பைத் திருட யார் கியூவில் நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சீனியர்கள் இடது கையால் நோட்டை மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். சினாப்சிஸ் எந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், "உங்க கைடைக் கேளுங்க." கைடைக் கேட்டால், "சீனியர்ஸைக் கேளும்மா."

கன்னிமாரா நூலக வளாகத்தில் மர நிழலில் உட்கார்ந்து படிக்கிற டி.என்.பி.எஸ்.சி. பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரே வேலைக்கு ஒருத்தரோடொருத்தர் போட்டி போடுகிறவர்கள் அவர்கள். ஒருத்தருக்குக் கிடைத்தால் இன்னொருத்தருக்கு இல்லை. அப்படியும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் பதில் சொல்கிறார், நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள், சோறுகூடப் பங்கு. எங்களுக்குள் போட்டியே கிடையாது. ஒருத்தர் முனைவரானால் இன்னொருத்தர் ஆகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நாங்கள்தான் தனித்தனித் தீவு.

எண்ணூரில் மீன்பிடித் தொழிலைப் பற்றி ஆய்வு செய்கிற ஒரு தங்கச்சியும், ராயபுரத்தில் அச்சகங்களைப் பற்றி எழுதுகிற ஓர் அண்ணனும், நானும் சேர்ந்து ஒரு முயற்சி செய்தோம். வாரம் ஒருநாள் உட்காருவது, ஆளுக்குப் பத்துப் பக்கம் மாற்றிப் படிப்பது. எங்கே உட்காருவது? கிளை நூலகத்தில் வாயைத் திறக்கக் கூடாது. டீக்கடையில் ஒரு டீக்கு மேல் பெஞ்ச் கிடைக்காது. மூன்று பேர் வீட்டிலும் மூன்றாவது ஆளுக்கு நாற்காலி இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் திறந்ததிலிருந்து எனக்குப் பிடித்த இடம்தான், போய்வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள்; படிக்க ஒரு பக்கம், லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு பக்கம். இந்த மாதிரி ஒன்று மணலி மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தால் எப்படியிருக்கும்! எண்ணெய், உரம், கன்டெய்னர், குப்பை லாரி என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் சுமக்கிற பக்கத்துக்குப் பத்துப் பேர் உட்கார்ந்து பேச ஓர் அறை கேட்டால் அது பேராசையா?

கடைசியில் கூகுள் மீட்டில் சேர்ந்தோம். ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு கேமராவை ஆன் செய்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, அவரவர் எழுதுவது. இத்தாலிக்காரர் தக்காளியும் அங்கேதான் வேலைக்கு ஆனது. எதிரே இரண்டு தலைகள் குனிந்திருப்பதைப் பார்த்தால் நாமும் குனிவோம், அவ்வளவுதான். 25 நிமிஷம் முடிந்ததும் தங்கச்சி, "அக்கா, நீங்க போன வாரம் அனுப்பினதுல அந்தத் தாத்தா பேசற இடம் சூப்பர். அடுத்த பக்கத்துல ஏன் நீங்களே பேச ஆரம்பிச்சிட்டீங்க?" என்று கேட்டாள். கைடு கேட்காத கேள்வி, கமிட்டி கேட்காத கேள்வி. அந்தப் பக்கத்தை முழுசாக மாற்றி எழுதினேன். பிறகு விடைத்தாள் திருத்தும் சீசன் வந்தது, அண்ணன் போனார். தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். மீட் லிங்க் மட்டும் போனில் இருக்கிறது.

"இன்னாமா, இன்னும் படிப்பு முடியலியா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருக்காவது அதைக் கேட்கத் தோன்றுகிறதே. ஆய்வாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் எழுதிப் போட்டேன்: மூன்றாம் இயல் தயாராக இருக்கிறது, யாராவது படித்துக் கருத்துச் சொல்ல முடியுமா, பதிலுக்கு உங்களுடையதை நான் படிக்கிறேன். கட்டை விரல்கள் வந்தன, கை கூப்பல்கள் வந்தன, ஒருவர் பூங்கொத்தே கொடுத்துவிட்டார். ராத்திரி தனியாக ஒரு மெசேஜ்: "அக்கா, உங்க டாக்டரல் கமிட்டி மீட்டிங் பி.பி.டி. இருந்தா அனுப்புங்களேன், டிசைனுக்காகத்தான்." அனுப்பினேன். கூடவே, உங்க முதல் இயலையும் அனுப்புங்க தம்பி, வாசிச்சுட்டுச் சொல்றேன் என்று எழுதினேன். நன்றி ஸ்டிக்கர் வந்தது, இயல் இன்னும் வரவில்லை.