கத்தவும் அனுமதி கேட்க வேண்டுமா?

கோல் விழுந்த கணத்தில் வாய்விட்டுக் கத்துவது ஒன்றுதான் எங்களுக்கென்று இருந்தது. அதையும் வீடியோ நடுவர் முறை (VAR) என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டீர்களே! இப்போது வலை அசைந்தால் முதலில் நடுவரின் காதைத்தான் பார்க்கிறோம். விரல் அங்கே போகிறதா? போனால் தொண்டைவரை வந்த சத்தத்தை விழுங்கிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

2024 ஏப்ரல் 21, வெம்ப்ளி. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக, அப்போது இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய கவன்ட்ரி சிட்டி. எழுபது நிமிடம் ஆகியும் 0-3. டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறகு சிம்ஸ் ஒன்று அடித்தார், ஓ'ஹேர் ஒன்று, தொண்ணூறு நிமிடமும் கடந்தபின் ஹாஜி ரைட் பெனால்டியில் ஒன்று. 3-3! நான் கவன்ட்ரிக்காரன் இல்லை, அன்று ஆகிவிட்டேன். எக்ஸ்ட்ரா டைமும் முடிந்து, விசில் ஊதப்போகிற நேரத்தில் விக்டர் டார்ப் பந்தை உள்ளே தள்ளினார். 1987இல் ஒரே ஒருமுறை கோப்பை வென்ற ஊர் அது. அந்த ஜனங்கள் அழுதுகொண்டே குதித்தார்கள்.

குதித்துக்கொண்டிருக்கும்போதே வந்தது வீடியோ அறையின் தீர்ப்பு. பந்து போடப்பட்ட நேரத்தில் ரைட்டின் கால் நுனி ஆஃப்சைடாம். கோல் இல்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் 4-2 என்று தோற்றார்கள். வென்ற யுனைடெட் இறுதியில் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது.

கால் நுனி! ஒரு கணக்குப் போடுவோம். அன்றைய கேமரா நொடிக்கு 50 படம் எடுத்தது. நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறவன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறான். சக வீரனின் கால் பந்தைத் தொட்ட கணம் இந்தப் படமா, அடுத்த படமா? அன்றைக்கு அதைத் தேர்ந்தெடுத்தவரும் கோடு போட்டவரும் மனிதர்தான். அந்த லட்சணத்தில் அங்குல சுத்தமாம்!

தொழில்நுட்பத்தின்மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்ததை உலகமே பார்த்தது, நடுவர் குழுவைத் தவிர. அதற்குப் பின் கோல் கோட்டுக் கருவி வந்தது. பந்து தாண்டினால் ஒரு விநாடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும், அத்தோடு சரி. யார் எதிர்த்தோம் அதை? எங்கள் கொண்டாட்டத்தில் அது குறுக்கே வரவேயில்லையே.

இந்த வீடியோ அறை அப்படியா? 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் மைதானம். லிவர்பூலின் லூயிஸ் டயஸ் அடித்த கோலுக்கு ஆஃப்சைடு கொடி தூக்கினார்கள். அறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் களத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, “சோதித்தாயிற்று” என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. தவறு சில விநாடிகளில் உறைத்தும், தொடங்கிய ஆட்டத்தை நிறுத்த விதி இடம் தராது என்று கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். லிவர்பூல் 2-1 என்று தோற்றது. பிற்பாடு வருத்தம் தெரிவித்தார்கள், ஒலிப்பதிவைக்கூட வெளியிட்டார்கள். போன கோல் வந்ததா?

“குறைந்த தலையீடு, நிறைந்த பயன்” என்று சொல்லித்தானே உள்ளே வந்தீர்கள்? காசு கொடுத்து மைதானத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பெரும்பாலும் பெரிய திரையில் ‘சோதனை நடக்கிறது’ என்ற ஒரு வரிதான். எந்தக் கோணம், யாருடைய கை, எதுவும் தெரியாது. வீட்டில் சோபாவில் இருக்கும் எனக்கு அவனைவிட அதிகம் தெரிகிறது. இந்த அநியாயம் எந்த ஆட்டத்தில் உண்டு?

2024இல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வுல்வ்ஸ் அணி மட்டும் தைரியமாக எழுந்து, இதை எடுத்துவிடுங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தது. ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் எதிர்த்து 19 ஓட்டு, ஆதரித்து 1. எங்களை எவர் கேட்டார்? ஸ்வீடனில் பெரும்பாலான கிளப்புகள் உறுப்பினர்களின் கையில் இருக்கின்றன. ரசிகர்கள் வேண்டாம் என்றார்கள், வரவில்லை. நார்வேயில் மீன் அடைகளைக்கூட மைதானத்தில் எறிந்து பார்த்தார்கள். ஆட்டம் நின்றதே தவிர, கருவி நிற்கவில்லை.

முழுக்க எடுக்க மனமில்லையா, சரி. கோடு போட்டால்தான் தெரியும் என்கிற ஆஃப்சைடை ஆஃப்சைடாகவே எண்ணாதீர்கள். ஒரு நிமிடம் பாருங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லையா, கோலைக் கொடுத்துவிடுங்கள். யாருக்காவது அதில் கால் நுனி அளவு அநியாயம் நடந்தால் நடக்கட்டும். அதை நாங்கள் டீக்கடையில் இருபது வருஷம் திட்டித் தீர்த்துக்கொள்கிறோம்.