முதல் சம்பளத்துக்கு முன்னாடி புதுக் கோட்டு எதுக்கு?

மக்களே, கடைசி செமஸ்டர் வந்தாச்சு. நம்ம பசங்க நாலு பேர் கூடினா பேச்சு கோட்டு சூட்டுலதான் போய் நிக்குது. "இண்டர்வியூன்னா புதுசா ஒண்ணு எடுத்துடு மச்சி, கிரெடிட் கார்டுல தேய்ச்சுக்கலாம்"ங்கறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

கணக்கைப் பாருங்க. எஃப்-1 விசால படிக்கறப்ப கேம்பஸ்ல வாரம் 20 மணி நேர வேலைதான். படிப்பு முடிஞ்சதும் அதுவும் போயிடும். ஓபிடி ஆரம்பிச்சா வேலை இல்லாம மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். அந்த 90 நாளைக்கும் வாடகை, சாப்பாடு, போன் பில்லு எல்லாம் கையிருப்புல இருந்துதான். ஊர்ல அப்பா கையெழுத்துப் போட்ட லோனுக்கு வட்டி வேற ஓடிட்டிருக்கு. அந்தக் காசைக் கோட்டுல முடக்கறது நியாயமா?

இங்க நிறைய பல்கலைக்கழகங்கள்ல இண்டர்வியூக்குக் கோட்டு இலவசமாவோ இரவலாவோ தர்றாங்க. கேரியர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்க. இல்லையா, குட்வில் கடைக்குப் போங்க. 1902-ல பாஸ்டன்ல ஆரம்பிச்சது. தானமா வர்ற துணியை வித்து, அந்தக் காசுல வேலைப் பயிற்சி நடத்துறாங்க. நம்ம மாதிரி வேலை தேடறவனுக்குப் பொருத்தமான கடைதானே?

"அடுத்தவன் போட்ட துணியா, சீச்சீ"ன்னு நமக்கு உடனே மூஞ்சி சுருங்கும். பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கின பரம்பரையாச்சே! ஆனா டிரைகிளீன் பண்ணின கோட்டுல யார் பேரும் எழுதியிருக்காது. தோள்பட்டை மட்டும் சரியா உக்காரணும், அதைப் பிரிச்சுத் தைக்கறது பெரும்பாடு. கை நீளம், இடுப்பு, பேண்ட் நீளம் எல்லாம் டெய்லர் பார்த்துக்குவார். நிறம் நேவி இல்லன்னா கரும்சாம்பல்.

வேலை கிடைச்சப்புறம்? பெரும்பாலான சாப்ட்வேர் ஆபீஸ்ல கோட்டே தேவைப்படாது. ரெண்டு பேண்ட், அஞ்சு சட்டை, ஒரு தோல் ஷூ, அதே நிறத்துல பெல்ட் போதும். அஞ்சு ஏன்னா, வாரத்துக்கு ஒரு தடவைதானே குவார்ட்டர் பொறுக்கிக்கிட்டு துவைக்கப் போறோம்! சட்டையை ஊர்ல இருந்து கொண்டு வர்றது நல்லதுதான். ஆனா நம்ம காட்டன் சட்டையை டிரையர்ல போட்டா சுருங்கிடும், கொடியில காயப் போடுங்க. குளிர் ஜாக்கெட்டை ஜனவரி, பிப்ரவரி தள்ளுபடியில இங்கயே எடுக்கலாம். நான் இருக்கற பென்சில்வேனியால அன்றாடத் துணிமணிக்கு விற்பனை வரியும் கிடையாது.

ஊர்ல தைச்சுட்டு வர்ற பளபளா கோட்டு? அது கல்யாண ரிசப்ஷனுக்குத்தாங்க சரி.

கசங்காத சட்டையும், அளவா உக்கார்ற கோட்டும் இருந்தா எதிர்ல இருக்கறவர் விலைச்சீட்டைத் தேட மாட்டார். புதுசு வேணும்னா முதல் சம்பளத்துல எடுத்துக்கலாம். அதுக்கு முன்னாடி அப்பாவுக்கு ஒண்ணு எடுங்க.

டிஸ்கி: இது பசங்க கணக்கு மட்டும்தான். பொண்ணுங்க பக்கத்துக் கணக்கைத் தெரிஞ்சவங்க எழுதுங்கப்பா :-)