துடிக்கும் தசை
கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஒரு மாதமாகக் கண் இமையும் கெண்டைக்கால் தசையும் தானாகத் துடிக்கின்றன. வலி இல்லை, நன்றாக ஓடியாடுகிறான். நரம்புத் தளர்ச்சியா?
- ஒரு தாய், நாக்பூர்.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பயப்பட ஏதுமில்லை. தசைக்குச் செல்லும் நரம்பு இழை தானாகவே தூண்டப்படும்போது சிறு தசைக்கற்றை ஒன்று துடிக்கிறது. தேர்வு நேரத்துக் கண்விழிப்பு, காபி, கவலை, கடும் உடற்பயிற்சி எல்லாம் இதை அதிகமாக்கும். நன்றாகத் தூங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். டானிக் தேவையில்லை.

ஆனால் கை கால் பலம் குறைந்தாலோ தசை மெலிந்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் எழுந்ததும் கை தூக்கிப்போட்டு டம்ளர் நழுவுகிறதா? அது வேறு விஷயம். இந்த வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மருந்தில் பெரும்பாலும் கட்டுப்படும், தாமதிக்காதீர்கள்.