பூட் பென் டிரைவ்: இன்றே தயார் செய்திடுங்கள்!

புதிதாக லேப்டாப் வாங்குபவர்கள் பை, மவுஸ் எனப் பலவற்றைக் கேட்டு வாங்குகிறார்கள். விண்டோஸ் கெட்டுப் போனால் என்ன செய்வது என்று மட்டும் கேட்பதில்லை. முன்பு பல கம்ப்யூட்டர்களுடன் விண்டோஸ் சிடி வந்தது. இப்போது ரெகவரி பைல்களை லேப்டாப்பின் டிரைவிலேயே ஒரு பகுதியில் பதிந்து தருகிறார்கள். மாற்றுச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்றது இது. டிரைவ் கெட்டால் ரெகவரியும் சேர்ந்து போய்விடும்.

எனவே, விண்டோஸ் பதிந்த பூட் பென் டிரைவ் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை லேப்டாப் நன்றாக இயங்கும்போதே தயார் செய்திட வேண்டும்.

வேலை எளிதுதான். குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள காலி பென் டிரைவ் போதும். அதில் ஏற்கனவே உள்ள பைல்கள் அழிந்துவிடும். மைக்ரோசாப்ட் தளத்தில் விண்டோஸ் 11க்கான மீடியா கிரியேஷன் டூல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இயக்கி, யுஎஸ்பி எனத் தேர்ந்தெடுத்தால், மீதியை அதுவே பார்த்துக் கொள்ளும்.

எங்கள் புதுச்சேரியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 1962ல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் வாரிசுகள் பலர் பிரான்சில் வசிக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது தந்து செல்லும் லேப்டாப்பில் விண்டோஸ் பிரெஞ்சில் இருக்கும். கீபோர்டிலும் ஏ, க்யூ எழுத்துகள் இடம் மாறியிருக்கும். டூலில் மொழியாக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இன்ஸ்டால் செய்திடுகையில் கீபோர்டு பிரெஞ்ச் என்றே கொடுங்கள். இல்லையேல் ஏ அழுத்தினால் க்யூ விழும். பாஸ்வேர்டில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால், பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

"கடையில் கொடுத்தால் செய்து தர மாட்டார்களா?" என்று கேட்கலாம். தருவார்கள். ஆனால் அவசரத்தில் டிரைவ் முழுவதையும் அழித்துவிட்டால், குழந்தையின் போட்டோக்கள் திரும்பி வருமா? பூட் பென் டிரைவில் ரிப்பேர் வசதியும் உண்டு. முதலில் அதை முயற்சித்துப் பார்க்கலாம். விண்டோஸுடன் வந்த லேப்டாப் என்றால், அதன் கீ பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிவாகியிருக்கும். அதே பதிப்பை மீண்டும் இன்ஸ்டால் செய்தால், இணைய இணைப்பு கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். யாரிடமும் திருட்டுக் காப்பி வாங்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. புதிய லேப்டாப்களில் டிரைவ் தானாகவே பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கலாம். அதற்கான 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் மெனுவுக்கான கீயையும் குறித்துக் கொள்ளுங்கள். பல டெல், லெனோவா லேப்டாப்களில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. பென் டிரைவையும் தாளையும் லேப்டாப் பில்லுடன் சேர்த்து வைத்திடுங்கள். உங்கள் பைல்களை மட்டும் வேறொரு டிரைவில் தனியே காப்பி எடுக்க வேண்டும். பூட் பென் டிரைவ் அவற்றைக் காப்பாற்றாது.