சாவி மடியில் இருக்கட்டும்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் வெள்ளை ஈ, வாடல் நோய், மண் பரிசோதனை பற்றித்தான் கேள்விகள் இருக்கும். இந்த முறை வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி. பயிரைப் பற்றியது அல்ல என்று ஒதுக்க மனம் வரவில்லை. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, பணத்தோடு பத்திரமாக வீடு திரும்பினால்தானே வெள்ளாமை முடிந்ததாக அர்த்தம்?

கேள்வி: முருங்கையும் தக்காளியும் பயிர் செய்கிறேன். கடனில் ஒரு குட்டியானை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பக்கத்து ஊரில் வீட்டு வாசலில் நின்ற இதே மாதிரி வண்டியை இரவோடு இரவாக ஓட்டிப் போய்விட்டார்கள். நான் மண்டியில் கணக்கு முடித்துப் பணத்தோடு திரும்புவதற்கும் பல நாள் இரவாகிவிடுகிறது. வீட்டில் பயப்படுகிறார்கள். வண்டியை எப்படிக் காப்பது? வழியில் யாராவது மறித்தால் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டாரம்)

பதில்: முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 12 வருடங்களுக்கு முன்பு நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு பார்க்க ஒரு கிராமத்துக்குப் போனேன். ஐந்து நிமிட வேலை என்று பைக்கை வரப்போரம் நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கினேன். ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது. திரும்பி வந்தால் பைக் இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன். அது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், களவுக்குப் பைசா கிடைக்காது என்று பிறகுதான் தெரிந்தது. பைக் பெட்டியில் 14 விவசாயிகளின் மண் பரிசோதனை முடிவுகள் இருந்தன. மறுபடி மண் எடுக்க அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றபோது பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை. ஊருக்கெல்லாம் ‘வருமுன் காப்போம்’ என்று சொல்கிறவன் நான்!

அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகம் என்று அடிக்கடி எழுதுகிறோம் அல்லவா? ஒரே மருந்தை நம்பாமல், கண்காணிப்பு, விளக்குப்பொறி, வரப்புப் பயிர் என்று பல சின்ன வேலைகளைச் சேர்த்துச் செய்வது. வண்டிக்கும் அதே முறைதான். எந்தப் பூட்டும் முழுப் பாதுகாப்பு தராது. ஆனால் திருட வருகிறவனுக்கு நேரம் குறைவு. பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும் என்று தெரிந்தால், பெரும்பாலும் அவன் உங்கள் வண்டியை விட்டுவிட்டு வேறு வண்டியைத் தேடுவான்.

வீட்டிலும் தோட்டத்திலும்

* இறங்கினால் சாவி கையில். மூட்டை இறக்கவோ, டீ குடிக்கவோ, மோட்டார் போடவோ, எதற்கு இறங்கினாலும் இதுதான் முதல் விதி. எஞ்சின் ஓடும் வண்டியில் குழந்தையை உட்காரவைத்துவிட்டு இறங்கவே கூடாது.

* குட்டியானையைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஸ்டியரிங்கைப் பூட்டுங்கள். வாசலில் ஒரு விளக்கு எரியட்டும். முடிந்தால் வண்டிக்குப் பின்னால் டிராக்டரையோ டிரெய்லரையோ குறுக்கே நிறுத்துங்கள்.

* பழைய டிராக்டர்கள் பலவற்றில், ஒரு வண்டியின் சாவி அதே கம்பெனியின் இன்னொரு வண்டிக்கும் சேரும். அதனால் சாவியை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றை வெளியில் தெரியாத இடத்தில் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். செலவு அதிகம் ஆகாது. கலப்பையைத் தரையில் இறக்கி நிறுத்துவதும் நல்லது.

* பைக்குக்கு ஹேண்டில் லாக் போதாது. தடித்த சங்கிலியைச் சக்கரத்தோடு சேர்த்து, அசையாத ஒரு தூணில் பூட்டுங்கள். வெறும் சக்கரத்தில் போட்டால் இரண்டு பேர் தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

* அசல் ஆர்.சி.யை வண்டியில் வைக்க வேண்டாம். டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினால் போதும். வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், பாலிசி எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் வையுங்கள். வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். கீறல், ஒட்டுப் போட்ட தார்ப்பாய், எழுதிய பெயர் எல்லாம் அடையாளம்தான்.

சாலையில்

மறித்துப் பறிக்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது, உங்கள் வண்டி நிற்பதுதான். அதற்குப் பல தந்திரங்கள் உண்டு. ‘டயரில் காத்து இல்லை’, ‘பின்னால் மூட்டை விழுந்துவிட்டது’ என்று பைக்கில் கத்திக்கொண்டே வருவார்கள். பின்னால் லேசாக இடிப்பார்கள். ரோட்டில் கல்லோ கட்டையோ கிடக்கும். சில நேரம் உண்மையிலேயே விபத்தாகவும் இருக்கலாம். உதவ வேண்டாம் என்று சொல்லவில்லை. இருட்டில், ஆள் இல்லாத இடத்தில் தனியாக இறங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்க், டோல்கேட் அல்லது டீக்கடை வரை போய் நிறுத்துங்கள். அங்கிருந்து 112க்கு அழைத்து இடத்தைச் சொன்னால், விபத்தாக இருந்தாலும் உதவி போய்ச் சேரும்.

பணத்தைப் பொறுத்தவரை, மண்டியில் முடிந்த அளவு வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ரொக்கமாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே பையில் வைக்காதீர்கள். டீக்கடையில் எண்ணாதீர்கள். எவ்வளவு கிடைத்தது என்று போனில் சத்தமாகப் பேசாதீர்கள். புறப்படும்போது வீட்டுக்கு ஒரு போன் செய்து, எந்த வழி, எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிடுங்கள். ஒரே பக்கம் போகும் இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்து வருவது எல்லாவற்றிலும் நல்லது. தூக்கம் வந்தால் புளியமரத்தடியில் ஒதுங்காமல், வெளிச்சமுள்ள பங்க்கில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டிப் படுங்கள்.

இத்தனைக்கும் மேல் கத்தியோ அரிவாளோ காட்டி மறித்துவிட்டால்? கடிதம் எழுதிய தம்பிக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். சாவியைக் கொடுத்துவிடுங்கள். கைகளை அவர்கள் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு, ‘சாவி இதோ, இறங்குகிறேன்’ என்று சொல்லிவிட்டு மெதுவாக இறங்குங்கள். பிள்ளை உள்ளே இருந்தால் அதை முதலில் சொல்லி, பிள்ளையை இறக்கிக்கொண்ட பிறகு விலகுங்கள். சண்டை போடாதீர்கள். வண்டியில் தொங்காதீர்கள். துரத்தாதீர்கள். ‘கடன் இன்னும் முடியவில்லையே’ என்ற எண்ணம்தான் அந்த நேரத்தில் நம்மை எதிர்த்து நிற்கவைக்கும். கடனை இன்னொரு போகத்தில் அடைக்கலாம். உங்கள் உயிருக்கு ஈடாக உங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை. முகம், பேச்சு, எந்தப் பக்கம் போனார்கள் என்பதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி போய்விட்டால்

உடனே 112க்குச் சொல்லுங்கள். அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுங்கள். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173வது பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்பலாம். சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு அதோடு நின்றுவிடாதீர்கள். இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும்.

புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஆள் இல்லாதபோது எடுத்துப்போனால் அது திருட்டு. மிரட்டியோ தாக்கியோ பறித்தால் அது கொள்ளை. தண்டனையில் பெரிய வித்தியாசம் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் கொள்ளைக்கு 14 ஆண்டு வரை. மிரட்டினார்கள் என்றால் அந்த வார்த்தை புகாரில் இருக்க வேண்டும்.

அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், கடன் கொடுத்த வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதமாகிவிட்டது என்றாலும் மனம் தளர வேண்டாம். களவுபோன ஒரு டிராக்டர் வழக்கில் உரிமையாளர் அன்றே போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். கம்பெனிக்குச் சொன்னது 52 நாள் கழித்து. போலீஸில் உடனே சொல்லியிருக்கும்போது கம்பெனிக்குச் சொல்லத் தாமதம் என்பதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் 155255 என்ற எண்ணில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்

நான் தவறவிட்ட இடம் இது. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் களவுக்கு எதுவும் கிடையாது. ‘ஓன் டேமேஜ்’ சேர்ந்த முழுப் பாலிசி வேண்டும். புது பைக் வாங்கும்போது 5 வருட இன்சூரன்ஸ் போட்டாயிற்று என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த 5 வருடம் தேர்ட் பார்ட்டிக்குத்தான். களவுக்கான பகுதி பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். குட்டியானை, டிராக்டருக்கு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி போனால் கிடைக்கும் தொகைக்கு அதுதான் அடிப்படை. பிரீமியம் குறையட்டும் என்று அதைக் குறைத்துப் போடாதீர்கள். கடன் பாக்கி இருந்தால் இழப்பீடு முதலில் வங்கிக்குத்தான் போகும். மிச்சம்தான் உங்களுக்கு. அது முடியும்வரை தவணையும் நிற்காது.

கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கும். ஒன்று தொலைந்திருந்தால் இப்போதே புகார் கொடுத்துவிட்டுப் பூட்டை மாற்றிவிடுங்கள். சாவியை வண்டியில் விட்டிருந்தால் கவனக்குறைவு என்று மறுப்பார்கள். அப்படி ஒரு லாரி வழக்கில், 2023ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் 75 சதவீதம் கிடைத்தது. சாவியை எடுக்க ஒரு நொடி போதும். எடுக்காததற்கு அத்தனை வருட அலைச்சல்.

கேள்வி: ஜி.பி.எஸ். கருவி பொருத்தினால் போதுமா?

பதில்: நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. அதற்குள் ஒரு சிம் இருக்கும். ரீசார்ஜ் முடிந்தாலோ, சிக்னல் இல்லாத இடத்திலோ தகவல் வராது. மாதம் ஒருமுறை வேலை செய்கிறதா என்று பாருங்கள். பொருத்திய இடத்தை நாலு பேரிடம் சொல்லாதீர்கள். வண்டி இருக்கும் இடம் செயலியில் தெரிந்தாலும் நீங்களே ஆள் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். போலீஸிடம் காட்டி, அவர்களோடு போங்கள்.

கேள்வி: பழைய டிராக்டர் ஒன்று மலிவாக வருகிறது. ஆர்.சி. பிறகு தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். யாரோ ஒரு விவசாயி வயிறெரிந்து இழந்த வண்டியாக அது இருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியில் உள்ளதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். எண் தேய்ந்தோ சுரண்டியோ இருந்தால் விலகிவிடுங்கள். களவுபோனதாகப் பதிவான வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துத் தருவார்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் வாங்கியவருக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. இரண்டு சாவி, ஆர்.சி., கையெழுத்திட்ட படிவம் 29, 30 எல்லாம் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.

இதழைக் கீழே வைத்ததும் இரண்டு வேலை செய்யுங்கள். பாலிசியை எடுத்து ‘ஓன் டேமேஜ்’ எந்தத் தேதி வரை என்று பாருங்கள். பிறகு வாசலுக்குப் போய், வண்டியில் சாவி தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் என்னைப் போலத்தான் நீங்களும்! எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் நிலக்கடலை விதை நேர்த்தி பற்றிப் பார்ப்போம்.