குப்பை பொறுக்கினால் போதுமா?

கடற்கரைத் துப்புரவுப் பணிக்கு அழைத்தால் மாணவர்கள் திரளாக வருகிறார்கள். ஆனால், "இந்தக் குழுவுக்குச் செயலாளராக யார் வருகிறீர்கள்?" என்று கேட்டால் பலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அனுபவம் இல்லையாம், தேர்வு வருகிறதாம். இந்தத் தயக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை.

சிங்கப்பூரின் சுங்கை பூலோவைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டில் பறவை ஆர்வலர்கள் சிலர், தொலைதூரத்திலிருந்து வலசை வரும் பறவைகள் அங்கே கூடுவதைக் கண்டார்கள். கண்டு மகிழ்ந்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். அவர்களோ விவரங்களைத் தொகுத்து, அவ்விடத்தைக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். 1989இல் அது இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2002இல் இயற்கைக் காப்பகமானது. சைபீரியாவிலிருந்து பறந்துவரும் உப்புக்கொத்திகள் இன்றும் அங்கே இறங்கி இரை தேடுகின்றன.

தலைமைப் பொறுப்பு என்றதும் மேடைப் பேச்சை நினைக்க வேண்டாம். கடல்நீர் வற்றும் நேரம் பார்த்து நாள் குறிப்பது, அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவது, பொறுக்கிய குப்பையை வகைவாரியாகப் பதிவு செய்வது இவைதாம் அந்த வேலை. கைதட்டல் கிடைக்காது, உண்மைதான். ஆனால், இவற்றைச் செய்ய ஆளில்லாவிட்டால் நூறு தொண்டூழியர்கள் இருந்தும் அடுத்த மாதம் பணி நடக்காது.

தேர்வு முக்கியமே. அதனால்தான் ஒரு பொறுப்பை இருவர் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறேன். பெரியவர்களும், "நீ சின்னப் பிள்ளை" என்று சொல்லிக் கடிதம் எழுதும் வேலையைத் தங்களிடமே வைத்துக்கொள்ளக் கூடாது.