முகத்துக்குள்ள நூல் விட்டு இழுக்கிறாங்க... 'சர்ஜரியே இல்லை'ன்னு நம்பலாமா?

ரீல்ஸைத் தள்ளிக்கிட்டே வரும்போது நீங்களும் பார்த்திருப்பீங்க. இடப்பக்கம் 'பிஃபோர்', வலப்பக்கம் 'ஆஃப்டர்'. கன்னம் மேலே ஏறியிருக்கும், தாடை கோடு போட்ட மாதிரி தெரியும். கீழே 'நோ சர்ஜரி... லஞ்ச் பிரேக்ல முடிச்சுட்டு ஆபீஸ் போகலாம்'னு ஒரு வரி. இதுதான் த்ரெட் லிஃப்ட்.

புருவத்துக்குப் பண்ற த்ரெட்டிங்னு நினைச்சுடாதீங்க. அது தோலுக்கு மேலே, இது தோலுக்கு அடியில். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, இன்னொரு நீளமான ஊசி வழியாக நூலை முகத்துக்குள் செலுத்துகிறார்கள். நூலின் உடம்பெங்கும் தூண்டில் முள் மாதிரி குட்டிக் குட்டிக் கொக்கிகள். அவை உள்ளே இருக்கும் திசுவைப் பிடித்துக்கொள்ள, மேல்பக்கமாக இழுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை வெட்டிவிடுவார்கள். கத்தி இல்லை என்பது உண்மை. ஆனால் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடத்தில் மரக்க ஊசி போட்டுச் செய்கிற ஒரு வேலையை பார்லர் ஃபேஷியல் வரிசையில் வைப்பது எப்படி சரி?

இந்த நூலுக்கு ஒரு கதை இருக்கு. 1990-களின் கடைசியில் மாஸ்கோவில் மார்லென் சுலமனிட்ஸே என்ற பிளாஸ்டிக் சர்ஜன் கொக்கி வைத்த நூலைக் கொண்டுவந்தார். அது பாலிப்ரொப்பிலீன், உடம்பில் கரையாது. நாளாக நாளாக சிலருக்கு அந்த மாதிரி நூல் இடம் மாறியது, தோலுக்கு அடியில் தட்டுப்பட்டது, சிலருக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. அதை எடுக்கவே தனியாக சிகிச்சை தேவைப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவைதான் கரையும் நூல்கள். இப்போது பரவலாகப் போடுவது பி.டி.ஓ எனப்படும் பாலிடயாக்ஸனோன். ஆபரேஷனில் உள்தையல் போட டாக்டர்கள் பல வருஷமாகப் பயன்படுத்துகிற அதே பொருள். சுமார் 6 மாதத்தில் உடம்பு அதைக் கரைத்துவிடும்.

சிக்கலே இங்கதான் இருக்கு. கரையாத நூலால் வந்த தொல்லைக்குத் தீர்வு கரையும் நூல். ஆனா நூல் கரைஞ்சா பிடிமானமும் போயிடுமே? 'அதைச் சுத்தி புது கொலாஜன் உருவாகும், அது தாங்கும்' என்கிறார்கள். ஓரளவுக்கு உருவாகும்தான். ஆனால் எவ்வளவு நாள் தாங்கும்? அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசி 2018-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. குறுகிய கால பலனைத் தாண்டிச் சொல்ல வலுவான ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் சாரம். கிளினிக்கில் 'ரெண்டு வருஷம் வரை'ன்னு சொன்னா, அந்த 'வரை'யைக் கொஞ்சம் கவனிங்க.

நாற்பதுகளில் இருக்கிற, லேசாகத் தொய்வு தெரிகிற, இது தற்காலிகம்னு தெரிஞ்சே போகிறவருக்கு இது ஒரு வழி. அதில் எனக்குப் பிரச்னை இல்லை. ஆனா இப்போ விளம்பரம் தேடி வர்றது உங்க போனுக்கு. 2020 வாக்கில் 'ஃபாக்ஸ் ஐ' டிரெண்ட் சோஷியல் மீடியாவில் ஓடியபோது, கண்ணோரத்தை நரிக்கண் மாதிரி மேலே இழுக்க இளம்பெண்கள் நூல் போட்டுக்கொண்டார்கள். இருபத்தி நாலு வயசுல தொங்குறதுக்கு என்ன இருக்கு, தூக்குறதுக்கு?

'செல்ஃபில என் முகம் நல்லாவே இல்லை'ன்னு தோணுதா? 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30% அகலமாகத் தெரியும். உங்க மூக்கு அப்படி இல்லைங்க, கேமரா பக்கத்துல இருக்கு. அவ்வளவுதான்.

சரி, போட்டுக்கிட்டா என்ன ஆகலாம்? வீக்கமும் நீலம் பாரிப்பதும் சகஜம், சில நாளில் இறங்கிவிடும். 'அன்னைக்கே ஆபீஸ்' என்பது இதனாலேயே அடிபடுகிறது. கன்னத்தில் குழி விழுவது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் போவது, நூல் நுனி குத்துவது, சீழ் பிடிப்பது எல்லாம் நடக்கக்கூடியவை. அபூர்வமாக நரம்போ, எச்சில் சுரப்பியின் குழாயோ காயப்படலாம். முதல் சில வாரங்களுக்கு மல்லாந்துதான் படுக்கணும், முகத்துக்கு மசாஜ் கூடாது, வாயைப் பெரிசா திறக்கக் கூடாது. பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைக்கூட தள்ளிப்போடச் சொல்வார்கள். ரீல்ஸ்ல இந்தப் பகுதி வராது.

யார் போடுறாங்க என்பது அடுத்த கேள்வி. அழகியல் அறுவை சிகிச்சை, முடி மாற்று சிகிச்சை பற்றி தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொள்வது போதுமான பயிற்சி ஆகாது என்று அதில் எழுதவேண்டி வந்தது. யோசிச்சுப் பாருங்க, இதை ஒரு ஆணையம் எழுத்தில் சொல்லவேண்டிய நிலைமை! அதனால் 'ஸ்கின் ஸ்டூடியோ' போர்டைப் பார்க்காதீங்க. ஊசியைப் பிடிக்கப்போகிறவரின் பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கி, மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் ஆன்லைனிலேயே தேடுங்க. தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா? என்ன நூல், எத்தனை நூல்? பாக்கெட்டை உங்க கண் முன்னாடி பிரிப்பாங்களா? சரியா வரலைன்னா யார் எடுப்பாங்க, அதுக்குத் தனி பில்லா?

கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுடாதீங்க. அழகுக்காகச் செய்துகொள்வதற்கு சாதாரண ஹெல்த் இன்ஷூரன்ஸ் பணம் தராது. போடுற செலவும் உங்களுது, எடுக்குற செலவும் உங்களுது.